கடைசியாகச் சேர்த்த காலம்

பாலம் கட்டப் போறோம்னு கம்பெனிக்காரங்க எங்க தாழைக்கரையில வந்து எறங்குன அன்னைக்கு ஊரே ஆத்தங்கரைக்கு வேடிக்கை பாக்கப் போச்சு, நானும் போனேன், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இஞ்சின் வள்ளம் ஓட்டிப் பொழைக்கிற நயினார் நான்தான், பாலம் வந்துட்டா என் வள்ளத்துல ஏற எவனுக்கும் கிறுக்கு புடிச்சிருக்காதுன்னு தெரிஞ்சேதான் போனேன். அதனால பின்னாடி பாலம் இழுத்துக்கிட்டே கிடந்தப்ப ஊர்ல மொத சந்தேகம் என் மேலதான் விழுந்துச்சு. போதாக்குறைக்கு என் பெஞ்சாதி வடிவு அந்தக் கம்பெனியிலயே வேலைக்குச் சேந்திருந்தா, சிவில் டிப்ளமா படிச்சவ, பிளானிங் செக்ஷன்ல ஒரு கம்ப்யூட்டரைக் குடுத்து உக்கார வச்சிருந்தாவ. புருசன் வள்ளம் ஓட்டுதான், பொண்டாட்டி பாலத்துக்குத் தேதி குறிக்கா, இது விளங்குமான்னு டீக்கடையில என் காதுபடவே பேசுனாவ. பேசட்டும். எனக்கும் அவனுக ஒவ்வொருத்தன் மேலயும் சந்தேகம் உண்டு, அதை நான் ஒளிச்சும் வைக்கல.

பாலத்தை ஆத்துல கட்டுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்குள்ள ஒரு தடவ கட்டிருவாவளாம். வடிவு எனக்குக் காட்டியிருக்கா. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, தூணுக்குக் குழி தோண்ட ஒரு வரி, கம்பி கட்ட ஒரு வரி, கான்கிரீட் ஊத்த ஒரு வரின்னு கீழ கீழ போய்க்கிட்டே இருக்கும், அந்த வரிக அத்தனையையும் மேல இருந்து கோடு கிழிச்ச மாதிரி காலம் காலமாப் பிரிச்சு, வேலைக்குப் பேரு ஒரு காலம், தொடங்குற தேதி ஒரு காலம், முடியுற தேதி ஒரு காலம், செய்யுற ஆளு ஒரு காலம். காலம்னா இங்கிலீஷ் காலம், பேப்பர்ல பத்தி பத்தியா இருக்குமே அது. எங்க ஊரு வாய்க்கு இங்கிலீஷ் காலமும் தமிழ்க் காலமும் ஒண்ணுதான், எழுதுனாலும் ஒண்ணுதான், அந்தக் கம்ப்யூட்டருக்கும் அப்பிடித்தான் தோணியிருக்கணும். காரணம்னு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க.

பங்குனி உத்திரம் முடிஞ்ச கையோட நான் கொச்சிக்குப் போயிட்டேன். என் வள்ளத்து இஞ்சின் பொகையைத் தவிர வேற எதுவும் குடுக்க மாட்டேன்னு நின்னுச்சு, அங்க ஒரு விசைப்படகுல வேலை பாத்து இன்னொரு இஞ்சினோட வரலாம்னு போனேன், ஆடியிலதான் திரும்பி வந்தேன். நடுவுல ஊர்ல நடந்த எதையும் நான் கண்ணால பாக்கல. இதை மனசுல வச்சுக்கிடுங்க, பின்னாடி பெரிய வழக்கா வந்து நிக்கும்.

நான் போன கொஞ்ச நாள்ல, சித்திரையில, ரெண்டாம் தூணு வேலை ஏன் சொன்ன தேதிக்கு முடியலன்னு ஹெட் ஆபீஸ்லருந்து கேட்டுருக்காவ. இங்க மேனேஜர் மோகனசுந்தரம் சார், கோயம்புத்தூர் பக்கத்து ஆளு, கோவமே வராது, வந்தாலும் மரியாதையா வரும். அவரு வடிவுகிட்ட வந்து, "அம்மிணி, தாமதக் காரணம்னு புதுசா ஒரு காலம் சேர்த்திப்போடுங்க, எல்லா வரிக்கும் வரோணும்"னு சொல்ல, இவளும் சேர்த்தா. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் மூச்சடைச்ச மாதிரி நின்னுச்சாம், திரையில வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சாம், எழுத்து அடிச்சா அடிச்சு முடிச்சு கையைக் கட்டுன பொறவு ஒவ்வொண்ணா வந்து விழுந்துச்சாம். காலம் கூடக்கூட இப்பிடித்தான் இருக்கும், ஒரு தேதியை மாத்துனா அத்தனை காலத்துலயும் போயி அது கணக்குப் போட்டுட்டு வரணும்லான்னு வடிவு நினைச்சுக்கிட்டா. அதுவரைக்கும் அது கம்ப்யூட்டருக்கு வந்த கோளாறுதான்.

மறுநாள் காலையில பாத்தா ரெண்டாம் தூணுக்கு ஊத்துன கான்கிரீட் இறுகல. விரலை வச்சா விரல் உள்ள போச்சு. சிமெண்டுல கலப்படம்னு சிமெண்டு கொண்டு வந்தவனைத் திட்டுனாவ, மணல் சரியில்லன்னு மணல்காரனைத் திட்டுனாவ. அதுக்குள்ள கிரேன் கொக்கி கீழ எறங்க நேரமெடுக்க ஆரம்பிச்சுச்சு, மேல வெல்டிங் வச்சா பொறி பறந்து கீழ வாரதுக்குள்ள கீழ நிக்கிறவன் நகந்துபோயி நின்னு அதை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் அது வேலை நடக்குற எடத்தை விட்டு மெள்ள ஊருக்குள்ள வந்துச்சு. சூரியன் அது பாட்டுக்கு உதிச்சுச்சு, காலண்டர்ல தாளு அது பாட்டுக்குக் கிழிஞ்சுச்சு, ஆனா சூரியனுக்குக் கீழ உள்ளது எல்லாம் மட்டுப்பட்டுப் போச்சு, டீக்கடையில பால் பொங்கல, வீட்டுல தயிர் உறையல, பூசாரி கோயில் மணியை அடிச்சுட்டு வீட்டுக்கு வந்து இட்லிக்கு உக்காந்த பொறவுதான் மணிச்சத்தம் வந்து சேந்துச்சு.

இதுக்காக எவனும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடல. எங்க ஊரு அப்பிடிப்பட்ட ஊரு இல்ல. பொம்பளைக முந்தின நாளே அடுப்பு மூட்டப் பழகிக்கிட்டாவ. மீன்காரிகளுக்குக் கொண்டாட்டம், இன்னைக்குப் புடிச்ச சாளை மறுவாரமும் கண்ணை முழிச்சுக்கிட்டு நேத்துப் புடிச்ச மாதிரி கிடந்துச்சு. முடிவெட்டுற இசக்கிக்குத்தான் கஷ்டம், எவன் தலையிலயும் முடி வளரல, அவன் கடையைப் பூட்டிட்டு மீன் விக்கப் போயிட்டான். பிள்ளைக உயரம் வைக்கல, பழைய யூனிஃபார்மே இந்த வருசத்துக்கும் போதும்னு தாய்மாருக்குச் சந்தோசம், வாழை குலை தள்ளலன்னு தோட்டக்காரங்களுக்கு வயித்தெரிச்சல். டவுன் பஸ் டிரைவர் எங்க ஊரு எல்லை வந்ததும் திரும்பிப் பாத்து, "தாழைக்கரை வந்தாச்சு, தூங்குறவங்க தூங்கிக்கிடுங்க"ன்னு சொல்லுவாரு. காலம் கெட்டுக் கிடக்குன்னு பெரியவங்க எப்பவும் சொல்லுறதை அப்பவும் சொன்னாவ, அதை எந்தக் காலம்னு யாரும் யோசிக்கல.

நான் ஆடியில வந்து எறங்குன அன்னைக்கு வடிவு அடுப்புல பாலை வச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. போன வருசம் ஒண்ணு தங்கி மூணாம் மாசத்துல கலைஞ்சு போச்சு எங்களுக்கு, அதுக்குப் பொறவு அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாக்கல.

"நீங்க கொச்சிக்குப் போகையிலயே தங்கிருச்சு"ன்னா. "போன தடவ மாதிரி ஆயிரக்கூடாதுன்னு யாருகிட்டயும் மூச்சு விடல. உங்ககிட்டயும் போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல பாத்துச் சொல்லணும்னு இருந்தேன்."

அந்தப் பால் பொங்குறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவ அழுகை வந்துருச்சு. மார்கழியில பொறந்துரும்னு கணக்குப் போட்டோம், வள்ளத்துக்குப் புது இஞ்சின், வீட்டுக்குப் புதுப் பிள்ளைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பாலம் இறுகாததுக்கு எவனோ ஒருத்தன் காரணமா இருக்கணும்னு ஊருக்கு ஒரு நினைப்பு வந்துச்சு. நினைப்பு வந்தா எங்காளுக சும்மா இருக்க மாட்டாவ. பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளத்துரை கம்பெனிக்குப் போயி, வடக்கத்தி ஆளுக வேலையை இழுக்கானுவ, எவன் உள்ளூரு எவன் வெளியூருன்னு எழுதுங்கன்னு சொல்ல, வடிவு அதுக்கு ஒரு காலம் சேர்த்தா. கோயில்காரங்க வந்து, ராகு காலத்துல கான்கிரீட் ஊத்துனா எப்பிடிவே இறுகும்னு கேட்டாவ, ராகு காலத்துக்கு ஒரு காலம் சேர்த்தா. மழைக்கு ஒண்ணு, மணல் லாரிக்கு ஒண்ணு, எவன் எப்போ டீ குடிக்கப் போறான்னு ஒண்ணு. அப்புறம் எஸ்.ஐ. வந்தாரு, சந்தேகப்படும் நபர்னு ஒரு காலம் வேணும்னாரு, சேர்த்து முடிச்சதும் அத்தனை வரியிலயும் என் பேரு வந்து உக்காந்துக்கிடுச்சு, என் பெஞ்சாதி கையாலயே. மோகனசுந்தரம் சார் என்னையப் பாத்து, "கோவிச்சுக்காதீங்க நயினாரு, ஒரு கணக்குக்குத்தானுங்க"ன்னாரு. கோவிச்சுக்கிடத்தான் செஞ்சேன். எவன் இழுக்கான்னு கண்டுபுடிக்க ஒரு காலம் சேர்க்கதும், சேர்த்ததும் இன்னும் இழுக்கதும், இழுக்கதைப் பாத்து இன்னொரு காலம் சேர்க்கதுமா ஐப்பசி வரைக்கும் போச்சு, தூணு எல்லாம் ஆத்துக்குள்ள களியா நின்னுச்சு.

கார்த்திகையில வடிவை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ஆறு மாசம்தான் ஆகுது, தேதியைத் தப்பாச் சொல்லுதீங்கன்னு சொன்னாவ. வடிவு இல்ல டாக்டர், எனக்குத் தெரியாதான்னு கேட்டா. டாக்டரம்மா என்னையப் பாத்தாவ, நான் செவுத்துல ஒட்டியிருந்த படத்தைப் பாத்தேன்.

எங்க அக்கா ராசகனி விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சா எமனே வந்தாலும் எண்ணி முடிச்சுட்டுத்தான் கூடப் போவா. அன்னைக்குச் சாயங்காலமே படகுத்துறைக்கு வந்துட்டா.

"ஏலே நயினாரு, நீ பங்குனியில போன, ஆடியில வந்த. இப்போ கார்த்திகை. ஆறு மாசம்னா, கழிச்சுப் பாரு. வைகாசி வருது. வைகாசியில நீ எங்கலே இருந்த?"

"கொச்சியில."

"அப்போ?"

"அக்கா, ஊர்ல கான்கிரீட்டே இறுகல. தயிரே உறையல."

"தயிரு வேற, பொம்பள வேற"ன்னா. "ஊர்ல கேக்காவ. நான் கேக்கல, ஊர்ல கேக்காவ."

ஊர்ல கேட்டது நெசம்தான். மணிச்சத்தம் பிந்தி வாரதை ஒத்துக்கிட்டவன், அழுகாத மீனை வாங்கித் தின்னவன், வளராத தலைமுடியைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சவன் அத்தனை பேரும் வடிவு வயித்தைப் பாத்ததும் காலண்டரைக் கையில எடுத்துக்கிட்டான். மோகனசுந்தரம் சார் தனியா இருக்காரு, குடும்பம் கோயம்புத்தூர்லன்னு ஒருத்தன் சொன்னான். சர்வே எடுக்க வந்த பையன் அழகா இருந்தான்லான்னு இன்னொருத்தன். மீன்காரிக மீனை நிறுத்துப் போட்டுக்கிட்டே கண்ணைக் காட்டிக்கிட்டாவ.

வடிவு அழல. ராத்திரி சோத்தைப் போட்டு வச்சுட்டு எதுக்க உக்காந்து சொன்னா: "தயிரு உறையலன்னா காலம்னு சொல்லுதாவ. பாலம் நிக்கலன்னா காலம்னு சொல்லுதாவ. என் பிள்ள வெளிய வரலன்னா மட்டும் எவன்னு கேக்காவ. நீங்களும் கேக்கணும்னா கேட்டுருங்க, மனசுல வச்சுக்கிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

நான் கேக்கல. ஆனா சந்தேகம் வந்துச்சு, வரலன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். நடு ஆத்துல இஞ்சினை நிப்பாட்டிட்டு உக்காந்திருப்பேன், தண்ணி ஓடுதா நிக்கான்னே தெரியாது, வைகாசி வைகாசின்னு ஒரே நினைப்பு. வள்ளத்துல ஏறுற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாப்பேன். ஏன்வே இப்பிடிப் பாக்கேருன்னு கேட்டவங்க உண்டு.

மார்கழி போச்சு, தை போச்சு. அவ அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயி விட்டா ஊரு எல்லைக்கு அந்தாண்ட சரியாயிரும்னு விட்டுப் பாத்தேன், அங்கயும் பிள்ள நகரல, அந்தத் திட்டத்துல செய்யுற ஆளுங்கற காலத்துல அவ பேரு இருந்துச்சுல்லா, அவ போற எடத்துக்கெல்லாம் அந்த மந்தமும் கூடவே போச்சு. மாசியில எடுத்த ஸ்கேன்ல ஏழரை மாசம்னு வந்துச்சு, கழிச்சுப் பாத்தா நான் ஊர்ல இருந்த ஆடி வந்துச்சு. இப்போ என்ன சொல்லுதன்னு அக்காகிட்டக் கேட்டேன். டாக்டரு மாத்தி மாத்திப் பேசுதா, அவளையும் உன் பெஞ்சாதி கைக்குள்ள போட்டுட்டான்னு சொல்லிட்டா.

சொன்னதோட விடல. வெள்ளத்துரை வீட்டுக்குப் போயி அவரு சம்சாரத்துகிட்ட என்ன ஓதுனாளோ, மறுநாளே தலைவர் கம்பெனியில வந்து நின்னாரு, பிளானிங் செக்ஷன்லதான் கோளாறு, அங்க எவன் எவன் வந்து போறான்னு ஊருக்குத் தெரியணும், போன சித்திரையில இருந்து வேணும்னாரு. கம்பெனியில எல்லாரும் கதவுல அட்டையைக் காட்டிட்டுத்தான் உள்ள போகணும், அந்தக் கணக்கு எங்கயோ கிடக்குமாம், காலத்தைச் சேர்த்துட்டா அது தானா வந்து நிரம்பிக்கிடும். "வந்து போனவர்"னு தலைப்புப் போட்டு அந்தக் காலத்தையும் வடிவுதான் சேர்த்தா. தன்னைய உளவு பாக்க தானே ஜன்னலைத் தொறந்து வச்ச மாதிரி.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ வாசல்லயே உக்காந்துட்டா. "ஒவ்வொரு காலம் சேர்க்கையிலயும் பிள்ள ஒரு உதை கம்மியா உதைக்கும். மொதல்ல என் மனப்பிராந்தின்னு நினைச்சேன்"ன்னு சொன்னா. "இன்னைக்குச் சேர்த்தேன். சேர்த்ததுல இருந்து உதைக்கவே இல்ல."

ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டரம்மா வயித்துல குழலை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாவ, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல நான் மூச்சு இழுத்து விட்டு மறுபடியும் இழுத்துட்டேன். கத்தி வச்சு எடுத்தாலும் இந்தத் துடிப்போட வெளிய வந்து பிழைக்காது, துடிப்பு கூடணும், கூட வைக்க என்கிட்ட மருந்து இல்லன்னு சொன்னாவ. வடிவு எந்திரிச்சு சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, என்னைய ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா.

மோகனசுந்தரம் சார் அவ சொன்னதை முழுக்கக் கேட்டாரு. சிரிக்கல. அவருக்கும் அங்க வந்ததுல இருந்து ஒரு நரைமுடி கூட வரலன்னு அவருக்குத் தெரியும். "எடுத்துப்போடலாமுங்க அம்மிணி"ன்னாரு. ஆனா காலம் ஒவ்வொண்ணும் முந்தினதைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு, கடைசியாச் சேர்த்ததை எடுத்தாத்தான் அதுக்கு முந்தினது வரும், அதுவும் சேர்க்கச் சொன்னவங்க சம்மதிச்சாத்தான் எடுக்க முடியும். அதனால எல்லாரையும் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு, தலைவர், கோயில்காரங்க, எஸ்.ஐ., லாரிக்காரங்க, அவங்களுக்குப் பின்னாடி பாதி ஊரு, எல்லாருக்கும் முன்னாடி எங்க அக்கா.

தூணு இறுகணும்னா இதெல்லாம் போகணும்னு சார் சொன்னதும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தான். என் காலத்தை எடுத்தா எவனுக்கு லாபம்னு ஒவ்வொருத்தனும் யோசிச்சது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. ஆனா பாலம் எல்லாருக்கும் வேணும், பேசிப் பேசி, சரி, எல்லாத்தையும் எடுத்துருவோம், எவனுதும் மிச்சம் இருக்கக்கூடாதுன்னு ஒத்துக்கிட்டாவ. வெள்ளத்துரை மட்டும் தொண்டையைச் செருமினாரு.

"எடுக்கலாம். எடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கடைசிக் காலத்தை ஒரு தடவ தொறந்து பாத்துருவோம். சித்திரையில இருந்து ஆடி வரைக்கும். பொறவு எடுத்துக்கிடுங்க."

"அதுல என்னவே பாக்கப் போறீரு?"ன்னு கேட்டேன்.

"மடியில கனம் இல்லன்னா எதுக்குப் பயம்?"னு அக்கா சொன்னா.

அந்த அறையில ஒரு ஈ பறந்துச்சு, ஒவ்வொரு எறகடியும் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு. வடிவு நாற்காலியை விட்டு எந்திரிச்சா, வயித்தைத் தாங்கிக்கிட்டு வந்து என் கையைப் புடிச்சு அந்த நாற்காலியில உக்கார வச்சா.

"இவங்க யாருக்கும் நான் காட்ட மாட்டேன். உங்களுக்குக் காட்டுதேன்"ன்னா. "இங்க அமுக்குனா தொறக்கும். தொறந்தா அந்த மூணு மாசமும் கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் எல்லாம் அப்பிடியே நிக்கும், எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. இங்க அமுக்குனா போயிரும், போனா திரும்ப வராது. நீங்க எதை அமுக்குனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உதைக்குதா?"

"இல்ல."

மவுசைப் புடிச்சேன். ஒரே ஒரு அமுக்கு, வைகாசி கண்ணு முன்னாடி வந்துரும், எவன் வந்தான், எப்போ போனான், அதுக்குப் பொறவு நான் நடு ஆத்துல உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட வேண்டாம். சத்தியமா ஆசையா இருந்துச்சு. என் தோளுக்குப் பின்னாடி ஊரே மூச்சைப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்துச்சு. நான் திரும்பி வடிவைப் பாத்தேன், அவ என்னையப் பாக்கல, வயித்துல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, உள்ள இருந்து யாராவது கூப்பிடுவாங்களான்னு கேக்குற மாதிரி தலையைச் சாய்ச்சு நின்னுக்கிட்டு இருந்தா. அந்தப் பிள்ளைக்கு அந்த அறையில எங்க ரெண்டு பேரைத் தவிர நாதி கிடையாது.

அழிக்கிறதை அமுக்குனேன். நிச்சயமாவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன்.

ஏலே கிறுக்கான்னு அக்கா கத்துனது காதுல விழுந்துச்சு, அதுக்குள்ள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா எல்லாக் காலமும் சரிய ஆரம்பிச்சுச்சு, என் பேரு நிறைஞ்சு கிடந்த சந்தேகப்படும் நபர், டீ குடிக்கிற காலம், மணல் லாரிக் காலம், மழை, ராகு காலம், உள்ளூரு வெளியூரு, கடைசியா தாமதக் காரணம். திரையில பழைய நாலு காலம் மட்டும் பளிச்சுன்னு நின்னுச்சு. வெளிய ஆத்துல தூணுக ஆவி விட்டுக்கிட்டு மடமடன்னு இறுகுற சத்தம் கேட்டுச்சு. ஊர்ல அத்தனை வீட்டுலயும் பால் ஒரே நேரத்துல பொங்கி அடுப்பை அவிச்சுச்சு. அடிச்சு முடிச்சு அலைஞ்சுக்கிட்டு இருந்த மணிச்சத்தம் எல்லாம் மொத்தமா வந்து இறங்குச்சு. மீன்காரிக கூடையைத் தூக்கிப் போட்டுட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனாவ. வெள்ளத்துரைக்கு அங்கயே தாடி நெஞ்சு வரைக்கும் எறங்குச்சு, மோகனசுந்தரம் சார் தலை காதுப்பக்கம் வெளுத்துச்சு, இசக்கி கூட்டத்துக்குள்ள இருந்து, ஒருத்தனும் வெளிய போயி வெட்டிக்கிடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே கத்திரிக்கோல் எடுக்க ஓடுனான்.

வடிவு என் தோளைப் புடிச்சா. நகம் பதிஞ்சுச்சு. "உதைக்கு. வள்ளத்தை எடுங்க"ன்னா.

கொச்சி இஞ்சின் அன்னைக்குத்தான் மொத தடவ அது ஓடுற ஓட்டத்தைக் காட்டுச்சு. இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவுல, புதுசா இறுகுன ரெண்டாம் தூணோட நெழல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருறதுக்கு முன்னாடியே பிள்ள பொறந்துருச்சு. பொம்பளப் பிள்ள. தோள் வரைக்கும் முடி, வளைஞ்ச நகம், கீழ்வரிசையில ரெண்டு பல்லு. அக்கரையில பிள்ளையைக் கையில வாங்குன நர்ஸம்மா, இது பள்ளிக்கூடத்துக்கே கிளம்பி வந்துருக்குன்னு சொன்னாவ. நான் அழுதேன். வடிவு, வள்ளம் இடிக்கப் போகுது, இஞ்சினைப் பாருங்கன்னா.

பாலம் அடுத்த வருசமே வந்துருச்சு. என் வள்ளம் கரையேறிக் கவுந்து கிடக்கு, அந்தப் பாலத்து மேலயே நான் இப்போ ஷேர் ஆட்டோ ஓட்டுதேன். ரெண்டாம் தூணு தாண்டையில சில நாளு, அன்னைக்கு அதைத் தொறந்து பாத்திருந்தா என்ன இருந்திருக்கும்னு ஒரு நினைப்பு வரும். வராம இருக்காது. வந்தா அன்னைக்குச் சீக்கிரமா வீட்டுக்குப் போயிருவேன், பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக்கிடுவேன், அதுவும் என் மீசையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல அந்த நினைப்பு போயிரும்.

அக்காவும் வருவா. பிள்ள மேல உசுரு அவளுக்கு, அதை நான் இல்லன்னு சொல்லல. மடியில இருத்தி அந்த முடியைச் சிக்கெடுத்துச் சீவி விடுவா, சீவிக்கிட்டே தாடையைப் புடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்புவா, நெத்தியைப் பாப்பா, மூக்கைப் பாப்பா, காதைப் பாப்பா. போன வாரமும் அப்பிடித்தான்.

"ஏலே நயினாரு, இது யாரு சாயல்லே?"ன்னு கேட்டா.

உள்ள வடிவு பாத்திரம் கழுவுற சத்தம் நின்னுச்சு.

"எங்க வீட்டுல அந்தக் காலம் கிடையாதுக்கா"ன்னேன்.